கங்காணி ஐயா கதவைத் தட்டுவாரா?

ஈப்போ,
11-10-1926, திங்கள் இரவு

அன்பு மிகுந்த ஆலிஸுக்கு,

ஊரே அடங்கிய பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எழுத்து கோணலாக இருந்தால் விளக்கைத் திட்டு, என்னைத் திட்டாதே. ஆண்டவர் கிருபையால் பினாங்கில் நீயும் டொமினிக் அண்ணனும் சுகம் என்று நம்புகிறேன். பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது. ஆனாலும் எழுந்து எழுந்து அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். நீ சிரிப்பாய், தெரியும்.

இவருக்குச் சிலிம் ரிவர் ஸ்டேஷனில்தான் இன்னும் வேலை. சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வந்து ஞாயிறு திரும்பிவிடுகிறார். மற்ற நாளெல்லாம் நானும் பாப்பாவும்தான். வீடு நல்ல வீடு. காற்று வரும், கிணற்றில் தண்ணீர் வற்றுவதில்லை. ஒரு குறைதான், வாசற்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. வந்த புதிதில் மறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் ஐயாவு கங்காணி. தோட்டத்தில் கூலியாட்களை வேலைவாங்கும் பெரிய கங்காணியாக இருந்து, கையில் சேர்ந்ததைக் கொண்டு இந்த வரிசையில் ஆறு வீடு கட்டியவர். என் மாமனாரை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டிவந்ததே அவர்தானாம். அந்தப் பழக்கத்தில்தான் வீடு கிடைத்தது.

அந்த மனிதர் வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் காலையில் வருகிறார். கூப்பிடுவதில்லை, செருமுவதும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வருகிறார். முதல் தடவை பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரோ என் பக்கம் பார்க்கவே இல்லை. தண்ணீர்ச் சாடியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அடுப்பில் தீ எரிகிறதா என்று பார்த்தார். வந்தபடியே போய்விட்டார்.

என்ன தேடுகிறார் என்று எனக்கு மண்டை குடைந்தது. என் குணம்தான் உனக்குத் தெரியுமே. பயம் ஒரு பக்கம், காரணம் தெரியாமல் இருக்க முடியாதது இன்னொரு பக்கம். அடுத்த வீட்டு இருளாயி அக்காவைக் கேட்டேன். அவளும் அதே தோட்டத்துக்காரி. "என்னா தேடுறாரா? ஒண்ணும் தேடல. காலையில ஆள் எண்ணுற பெரட்டு முடிஞ்சா கங்காணி கூலியாளுங்க இருக்குற லயத்த ஒரு சுத்து சுத்துவாருலா. வேலைக்குப் போகாம எவன் படுத்திருக்கான், எவன் வீட்ல வெளியாள் ஒளிஞ்சிருக்கான், சாடியில புழு இருக்கான்னு பாப்பாரு. கதவு சாத்தி வச்சா ஒதைதான்" என்று சிரித்தாள்.

தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் கால் அந்தச் சுற்றை விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இதில் எனக்கு அதிசயம், ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியாததுதான். நம் காலேஜ் ஹாஸ்டலில் மேட்ரனம்மா எவ்வளவு கண்டிப்பு! அவர்கூட விரலால் ஒரு தட்டுத் தட்டி, 'வரலாமா' என்று கேட்டுத்தானே உள்ளே வருவார்?

இவரிடம் சொன்னேன். "வீடு அவங்களுதுதானே, கெர்ட்ரூட்" என்றார். நேற்றைக்கு முந்திய ஞாயிறு காலை இவர் இருக்கும்போதே கங்காணி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து, வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு, சுவரோரம் போய் நின்றார். ஆலிஸ், தான் எழுந்ததே இவருக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு மறுபடி உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை வரை பொறுத்திருக்க வேண்டியதோ என்னவோ. வெள்ளிக்கிழமையே தெருமுனைச் சீனத் தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இவர் வந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

இன்று காலை கங்காணி வந்தார். கதவைத் தள்ளினார், திறக்கவில்லை. மறுபடி தள்ளினார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நின்றேன். தட்டுவாரா என்று பார்க்கத்தான் பேசாமல் இருந்தேன். தட்டவில்லை. அவருக்குத் தட்டத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியபோதே, "இருளாயி, ஓடியா, இங்க ஒண்ணும் சத்தத்தக் காணோம், புள்ளைக்கு என்னாச்சோ" என்று கத்தினார். அது கோபக் குரல் இல்லை.

திறந்துவிட்டேன். அவர் முகமெல்லாம் வேர்வை. பெரிய காய்ச்சல் வந்த வருஷம் லயத்தில் இப்படித்தான் ஒரு கதவு சாத்திக் கிடந்ததாம். உடைத்துப் பார்த்தால் தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்திருந்தார்களாம். அதைச் சொன்னபோது எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. ஆனாலும் தாழ்ப்பாள் இருக்கட்டும், தட்டுங்கள் ஐயா, நான் இருந்தால் திறப்பேன் என்று சொன்னேன்.

"என் வூட்டுக் கதவ நான் தட்டணுமா?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். இருளாயி அக்கா சும்மா இருப்பாளா? "சாமி வீட்டுக்கே மணி அடிச்சிட்டுத்தான போறீங்க கங்காணி, பச்சப்புள்ளக்காரி வீட்டுக்கு ஒரு தட்டு தட்டுனா கை தேஞ்சா போயிரும்?" என்றாள். அவ்வளவுதான், அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஒம் புருசன் சவரி வரட்டும். அவன் கையாலேயே இதக் கழட்டச் சொல்றேன். இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அக்கா உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். பிறகு போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

டொமினிக் அண்ணன் வக்கீல் ஆபீஸில் இருப்பதால் கேட்கிறேன். வாடகைக்கு விட்ட பிறகு அந்தக் கதவு யாருடையது? வீட்டுக்காரர் நினைத்தபோது வரலாமா, கேட்டுத்தான் வர வேண்டுமா? தாழ்ப்பாள் போட்டதற்காக எங்களை வெளியேற்றச் சட்டம் இடம் கொடுக்குமா? சட்டம் எங்கள் பக்கம் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல். எப்படியானாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. பதில் என் பெயருக்கு வேண்டாம், திரு. சவரிநாதன் என்று இவர் பெயருக்கே எழுதச் சொல். நான் வாதாடினால் வீட்டுச் சண்டையாகிவிடும். இன்னொரு ஆண்பிள்ளை மரியாதையாக, 'உங்கள் வீடு, உங்கள் கதவு' என்று எழுதினால் இவர் படிப்பார். இரண்டு தடவை படிப்பார். இவர் கோழை இல்லை, ஆலிஸ், நீ அப்படி நினைத்துவிடக் கூடாது. யாரும் இதுவரை இவரிடம் அப்படிச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் காக்கட்டும். சனிக்கிழமை ரயில் வருவதற்கு முன்னால் கடிதம் என் கையில் இருக்க வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன்,
கெர்ட்ரூட்