பழம் தின்னாத வாயில் பழ வாசம்

அம்மா,

இன்று காலை நம் சூப் வண்டி முன் கண்டக்டர் ஐயா டம்ளரை வாங்கக் கை நீட்டிக் குனிந்தபோது அவர் மூச்சில் அந்த வாசம் இருந்தது. அன்னாசிப்பழம் நன்றாகக் கனிந்து, இன்னும் ஒரு நாள் தாண்டி, புளிக்கத் தொடங்கினால் வருமே, அந்த வாசம். முருங்கை சூப்பின் மிளகு நெடியையும் மீறிக்கொண்டு வந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. டிரம்மின் குழாயை மூட மறந்துபோனேன். கஷாயம் டம்ளரை நிறைத்து என் விரல்மேல் வழிந்தது.

"ஏனம்மணி, இன்னிக்கு டிக்கெட்டு எக்ஸ்ட்ராவா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை முடிக்க அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

அந்த வாசத்தை நான் இதற்கு முன் உன்னிடம் மட்டும்தான் அறிந்திருக்கிறேன்.

போன ஆடி மாதம். நீ குழாயடியில் உட்கார்ந்து அருகம்புல்லை அலசிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், "பழம் சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "நானெங்க கண்ணு பழம் திங்கறேன்?" என்றாய். சர்க்கரை வந்த நாளிலிருந்து மாம்பழக் காலத்தில்கூட நீ ஒரு துண்டு தொட்டதில்லை. "நாக்கெல்லாம் காஞ்சு கெடக்குது, அந்தச் சொம்பை எடு" என்றாய். மூன்று சொம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாய். பழம் தின்னாத வாயில் ஏன் பழ வாசம் என்று நான் மறுபடி கேட்கவில்லை.

மில்லில் உனக்கு வேலை போன பிறகுதான் இந்தத் தள்ளுவண்டி வந்தது. கொரோனா அடங்கி, ஊரே எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி என்று பேசிக்கொண்டிருந்த காலம். குறிச்சிக் குளக்கரையில் காலையில் நடக்க வருகிறவர்களுக்கு நீ முதலில் போட்டது முருங்கைக்கீரை சூப்பும் கம்பங்கூழும்தான். கீரையை யாரையும் உருவ விடமாட்டாய். அருகம்புல்லை ஏழு தண்ணீர் அலசுவாய். நாய் திரியும் இடத்துப் புல் என்று சந்தேகம் வந்தால் கட்டோடு தூக்கி வீசுவாய். யாராவது வந்து தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, எதையாவது ஊற்றுங்கள் என்றால் ஊற்றமாட்டாய். "மொதல்ல டாக்டரைப் பாத்துட்டு வாங்க. நாம ஊத்தறது சத்துக்குங்க, நோய்க்கில்ல" என்பாய். என் காதால் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, எந்த நாளில் நீ அதைச் சொல்வதை நிறுத்தினாய் என்று.

பலகை வந்த நாளாக இருக்கலாம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்ற வருஷம் அது. வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால், பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டே இருப்பேன். "பேசாட்டிப் போகுது, எழுத்து முத்து முத்தா இருக்குதல்ல" என்று சொல்லி, நீ ஒரு தகரப் பலகையும் வெள்ளைப் பெயிண்டும் வாங்கி வந்தாய். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூட்டுவலிக்கு முடவாட்டுக்கிழங்கு சூப். கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு. சளிக்குத் தூதுவளை ரசம். சர்க்கரைக்கு ஆவாரம்பூக் கஷாயம்.

நான் அந்தக் கடைசி வரியை எழுதியபோது நீ தினமும் இரண்டு வேளை வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். எழுதியவளுக்கும் உறுத்தவில்லை, சொன்னவளுக்கும் உறுத்தவில்லை.

பலகைக்குப் பிறகு கூட்டம் கூடியது. நீ ஊற்றியதில் மலம் இளகியவர், சோர்வு போனவர், ரத்தம் கூடியவர் என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அவர்கள் நம்ப நம்ப நீயும் நம்பத் தொடங்கினாய் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தக் குடை. ஒரு நாள் வீட்டில் நேரமாகிவிட்டது என்று ஊசியைப் பையில் எடுத்து வந்தாய். வண்டிக் குடையைச் சாய்த்து மறைவு செய்து போட்டுக்கொண்டாய். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஐயா தினமும் முதல் ஆளாக வருகிறவர். அன்றைக்கும் முதல் ஆளாகத்தான் வந்தார். பார்த்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க ஊசியப் போட்டுக்கிட்டு எங்களுக்குப் பூத்தண்ணி ஊத்தறீங்களாக்கும்? எங்க பஸ்ஸு டிரைவரு ஊட்டுக்கு ரயில்ல போனாப்பல இருக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரோடு நடக்கும் பேங்க் அக்கா மட்டும், "சும்மா இருங்க கண்டக்டரே, உங்க தொப்பையைப் பத்தி நாங்க ஏதாச்சும் கேட்டமா?" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். ஊசியைப் பையில் திணிக்கப் போன உன் கை மட்டும் பையின் வாயைத் தேடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் நீ ஊசி போடவில்லை. "ஒரு மாசம் பூத்தண்ணியிலயே ஓட்டிப் பாக்கறேன் கண்ணு. நாமளே நம்பலீன்னா எவன் நம்புவான்? அப்பாகிட்டச் சொல்லீராத" என்றாய்.

நான் "சரிம்மா" என்றேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் நீ மருந்து வைத்திருந்த மஞ்சள் டப்பாவை ஒவ்வொரு நாளும் பால் எடுக்கும்போது பார்ப்பேன். வைத்த இடத்திலிருந்து ஒரு விரல்கூட நகர்ந்திருக்காது. பயமாக இருக்கும். கதவை மூடிவிடுவேன். பத்தாம் நாள் அந்தப் பழ வாசம் வந்தது. பதினோராம் நாள் வாந்தி. மதுக்கரையிலிருந்து சிமெண்ட் லோடு கொண்டுபோன அப்பா மறுநாள் திரும்பி வந்தபோது, நீ கூப்பிட்ட குரலுக்குக் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும், ஓடி வந்தவளைப் போல.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர், "ஊசி ஒழுங்கா போட்டாங்களா?" என்று கேட்டார். "தவறாம போடுவாங்க" என்றார் அப்பா. நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அம்மா, இதை உன்னிடம் இன்றுதான் சொல்கிறேன். எனக்குப் பதில் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அப்பா மஞ்சள் டப்பாவைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊருக்கு நெஞ்சுவலின்னே இருக்கட்டும். உங்கம்மா ஊத்துன கையி. பேரு கெட்டுப்போயிரும்" என்றார். நான் "சரிங்கப்பா" என்றேன். நெஞ்சுவலி எந்த நேரத்தில் யாருக்கு வரும் என்று யார் கண்டது எனச் சொல்லி அப்பாவைத் தேற்றியவர் கண்டக்டர் ஐயாதான்.

நான் வண்டியை எடுத்தேன். நீ செய்த மாதிரியே ஏழு தண்ணீர் அலசினேன். யாரோடும் பேசவில்லை. சூப்பில் உப்பு கம்மி என்றால் சரிங்க என்பேன். நாளைக்கு வரமாட்டேன் என்றாலும் சரிங்கதான். உனக்குத் தெரியும், எனக்கு வரும் பேச்சு அது ஒன்றுதான்.

இந்த வருஷம் தை கழிந்ததும் கண்டக்டர் ஐயாவுக்கே ஊசி எழுதிக் கொடுத்தார்கள். "உங்கம்மாளக் கேலி பேசுன வாய்க்கு நல்லா வேணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டார். எட்டு நாளுக்கு முன்னால், வரிசை நீளமாக நின்ற ஒரு காலையில், என்னிடம் குனிந்து ஏதோ கேட்டார். நான் சரிங்க என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து டிரம்மைத் தேய்க்கும்போதுதான் அவர் கேட்டது எனக்கு உறைத்தது.

"இந்த ஊசிய விட்டுப்போட்டு உங்க பூத்தண்ணியவே ரெண்டு நேரமும் குடிக்கலாம்னு இருக்கேன். ஆகுமல்ல அம்மணி?"

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவரோடு நாலு பேர் நின்றார்கள். அதற்கு மறுநாள் மழை, அவர் வரவில்லை. அதற்கும் மறுநாள் நான் வாயைத் திறந்து, "ஐயா" என்றேன். "சொல்லு கண்ணு" என்றார். "சக்கரை போடலைங்க" என்றேன். என்றைக்குமே போடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஊசியை விடாதீங்க என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த பதில் நீதான். அதைச் சொன்னால் நீ ஊற்றிய ஒவ்வொரு டம்ளரையும் அவர்கள் திரும்ப நினைத்துப் பார்ப்பார்கள். இப்படியே எட்டு நாள் போனது.

இன்று அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். நான் வண்டிக்கு மேலாகக் கை நீட்டி டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"குடிக்காதீங்க."

"ஏன், பல்லி கில்லி உழுந்துபோச்சா?"

"ஊசி போடறீங்களா ஐயா?"

"அதத்தான் அன்னிக்கே சொன்னனே. நீதான சரின்னே."

பேங்க் அக்கா திரும்பிப் பார்த்தார். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தாகமா இருக்குதுங்களா?"

"நெம்ப. குடம் குடமாக் குடிக்கறேன்."

"வாந்தி?"

"நேத்து ஒருக்கா. பித்தம் கண்ணு, வெயிலு அப்பிடி."

"இல்லைங்க" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். "எங்கம்மாவுக்கு நெஞ்சுவலி இல்லைங்க. ஊசிய விட்டுப்போட்டுத்தான் செத்தாங்க. இதே தண்ணியக் குடிச்சுக்கிட்டேதான் செத்தாங்க. உங்க வாயில இப்ப வர்ற வாசம் அன்னைக்கு அவங்க வாயில வந்துச்சுங்க."

யாரோ பாதி குடித்த டம்ளரை வண்டிமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

"எப்ப கண்ணு நிறுத்துனாங்க?" என்று கண்டக்டர் ஐயா கேட்டார்.

"போன ஆடியிலங்க."

அவர் குடையைப் பார்த்தார். அதைச் சாய்த்து நீ மறைந்து நின்ற பக்கத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஒருநாளும் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், அம்மா. அவர் கெட்டவர் இல்லை. ஒரு காலையில் சிரிக்க வைத்தார், அவ்வளவுதான்.

பேங்க் அக்கா ஆட்டோவை நிறுத்தினார். "எனக்கு ஒண்ணுமில்ல, நடந்தே ஊட்டுக்குப் போயிருவேன்" என்றார் ஐயா. நான் மறுபடியும் இல்லைங்க என்றேன். வண்டியைப் பேங்க் அக்காவிடம் விட்டுவிட்டு அவரோடு ஏறினேன். ஆட்டோ முழுக்க அந்த வாசம். தலையை வெளியே நீட்டிக்கொண்டேன். அவர் கையை மட்டும் விடவில்லை.

அதே பெரியாஸ்பத்திரி, அதே பச்சைத் திரை. டாக்டர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "ஊசி நிறுத்தி எட்டு நாளாச்சுங்க. நேத்து வாந்தி. மூச்சுல பழ வாசம்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஐயாவின் மகள் வந்தார். இடுப்பில் குழந்தை. "யாரு சொல்லி நிறுத்துனாரு?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

"நான் சரின்னு சொன்னேனுங்க."

அவர் திட்டவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால் தேவலை. நாளைக் காலைவரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தேன். யாரோ அதற்குள் அப்பாவுக்குப் போன் செய்திருந்தார்கள். "சொல்லிப்போட்டயா" என்று மட்டும் அப்பா கேட்டார். "ஆமாங்கப்பா" என்றேன். லாரிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளைக்கு வண்டி போடறயா?" என்றார்.

அம்மா, பயமாக இருக்கிறது. ஐயா பிழைக்க வேண்டுமே என்று பயம். நீ ஊற்றிய கையின் பேரை நானே நடு ரோட்டில் போட்டுவிட்டேனோ என்று பயம். நாளைக்கு யாருமே வரவில்லையென்றால், இன்னும் மோசமாக, வந்து என்னிடம் இன்னொருவர் ஆகுமல்ல என்று கேட்டால். அந்த வாசம் மூக்கிலேயே நிற்கிறது. இனி வண்டிக்கு முன் யார் குனிந்தாலும் என் மூக்கு முதலில் அதைத்தான் தேடும்.

பேங்க் அக்கா ஆள் வைத்து வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கீரை அரியும் கத்தியால் 'சர்க்கரைக்கு' என்பதைச் சுரண்டினேன். பெயிண்ட் சுலபத்தில் வரவில்லை. பிறகு 'மூட்டுவலிக்கு'. பிறகு 'கல்லடைப்புக்கு', 'சளிக்கு'. கிழங்கும் தண்டும் தூதுவளையும் பூவும் மட்டும் மிஞ்சின. பலகையைத் துடைத்து வண்டியில் மாட்டினேன். ஆவாரம்பூ டப்பாவைத் திறந்து, எப்போதும் போடும் நாலு கைப்பிடிக்குப் பதில், வருகிற சிலருக்குப் போதும் என்று ஒரு கைப்பிடி எடுத்து, நாளைக் காலைக்கு ஊறப் போட்டேன்.