பதினாலு அர்த்தமும் ஒரு கரண்டி விளக்கெண்ணெயும்

என் ராஜாத்தி அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே ஆஸ்டின் டவுனில் எல்லோரும் சௌக்கியம். என் பேத்தி விமலா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டாள். நம் வீட்டில் அவ்வளவு தூரம் படித்தவள் அவள்தான். தெருவில் ஒருத்தரையும் நான் விடவில்லை, எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

இன்டர்வியூ இங்கிலீஷில்தான் என்றார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள், படிப்பு என்றால் மனப்பாடம் என்றுதான் எனக்குத் தெரியும். அவளுடைய டிக்‌ஷனரியில் 'டேக்' என்கிற ஒரு சொல்லுக்கே பதினாலு அர்த்தம். எடுப்பது, குடிப்பது, குளிப்பது, பஸ் பிடிப்பது, போட்டோ பிடிப்பது எல்லாம் அதிலேயே அடக்கம். காலையில் நான் களி கிண்டும்போது வரிசையாக ஒப்பிக்கச் சொல்வேன். ஒன்று விட்டாலும் முதலிலிருந்து.

இன்டர்வியூவில் மேட்ரன் அம்மா, நோயாளி மருந்தை 'டேக்' பண்ண மாட்டேன் என்றால் நீ என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் இவள் எழுந்து நின்று பதினாலையும் ஒப்பித்துவிட்டாள். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு தரம் வா என்று அனுப்பிவிட்டாள்.

"நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் பாட்டி சொன்னேன்" என்றாள். சண்டைகூடப் போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "பெரிய பாட்டி தொரசாணி வீட்டுல ஆயாவா இருந்தாங்களே, அவங்களுக்கு இங்கிலீஷ் எப்படி வந்துச்சு?"

உனக்கு எங்கே வந்தது? டேக் மில்க், டேக் சாக்ஸ், டேக் தூக்கம். அதை வைத்தே பதினோரு வருஷம் ஓட்டினாய். விளக்கெண்ணெயைக் கண்டதும் தொரசாணியின் குழந்தை பங்களா அதிர அழும். நீ முதலில் ஒரு கரண்டி விழுங்கி, மூஞ்சியை அஷ்டகோணலாக்கி, "நவ் பேபி டேக்" என்பாய். அது சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கும்.

"இதுவா இங்கிலீஷு, கைநாட்டு?" என்பேன் நான்.

"போடி அஞ்சாங்கிளாசு. எண்ணெய் உள்ளே போச்சா இல்லையா?"

விமலாவிடம் இதைச் சொன்னேன். கேலி செய்ததை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரமும் அதே கேள்விதானாம். எங்கள் பெரிய பாட்டி முதலில் தான் குடித்துக் காட்டுவாள் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லியிருக்கிறாள். நோயாளியின் மருந்தை நர்ஸ் குடிக்கக் கூடாது, வேறு என்ன செய்வாய் என்றாளாம் மேட்ரன். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் வேண்டாம் என்று கேட்பேன் என்றாளாம் இவள். அது அவளாகச் சொன்னது. செவ்வாய்க்கிழமை இடம் கிடைத்ததாகக் கடுதாசி வந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னடத்தம்மா, "எல்லாம் உங்க ட்ரெய்னிங்தானே கௌரம்மா" என்கிறாள். நானும் இரண்டு நாள் தலையாட்டினேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாளைக்கு அவள் பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போகிறாள். பஸ் ஏறுவதற்குள் நான் உன்னைக் கைநாட்டு என்று சொன்னதையும் அவளிடம் சொல்லிவிடுகிறேன் அக்கா. சத்தியம்.

உன் இடுப்பில் வளர்ந்த தங்கச்சி,
கௌரி