இரண்டு இனிப்பு மாத்திரை

தவக்காலம், மூன்றாம் ஞாயிறு. இரவு.

இந்தத் தவக்காலத்தில் நான் சர்க்கரையை விட்டிருப்பதைக் கோயிலில் எல்லாரிடமும் என் வீட்டுக்காரர்தான் சொல்லிவைத்திருந்தார். இன்று பூசை முடிந்ததும் கேண்டீனில் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி வாங்கினேன். வழக்கம்போல் கைப்பையிலிருந்து டப்பியை எடுத்து, சர்க்கரைக்குப் பதில் இரண்டு இனிப்பு மாத்திரைகளைப் போட்டேன்.

பாடற்குழு ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். "என்னக்கா, ஒறுத்தல்னு சொன்னாங்க, மாத்திரை போடுறீங்க? சாமியை ஏமாத்தலாம், தராசை ஏமாத்த முடியாதுலா."

மேசையே சிரித்தது. முதலில் சிரித்தவர் இவர். கையில் கண்டென்ஸ்ட் பால் கோப்பி, வாயில் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டி.

மூட்டு வலிக்காகத்தான் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார் என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுப்பவர்தானே.

எம்ஆர்டி ரயிலில் வரும்போது, "எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஜோக்குக்குச் சிரிச்சேன். உனக்கு எல்லாமே சீரியஸ்தான்."

எங்கள் ஸ்டேஷன் சுவா சூ காங் வந்ததும் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

சாயங்காலம் கோப்பி கேட்டார். பாலும் சர்க்கரையும் இல்லாமல், என் மாத்திரை இரண்டைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன கருமம் இது? நாக்குல ஒரு மாதிரி கசக்குது."

"நான் தினமும் குடிக்கிறதுதான்."

கோப்பையை வைத்துவிட்டுக் கீழே கோப்பிக்கடைக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போனதை நானே குடித்தேன். சிரிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.