ஐம்பத்தொன்றுக்கும் ஐம்பத்துநான்குக்கும் நடுவில்

பிப்ரவரி 3, திங்கள்

காலை எடை 55.8. ஞாயிற்றுக்கிழமை நான் வாயைக் கட்டவில்லை என்பது மெஷினுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பயிற்சிக் கூடத்துக்கு நிருபர் தம்பி வந்தார். குத்துச்சண்டை வீராங்கனைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். அதில் எனக்கும் ஒரு பக்கம். தகவல் சரியா என்று வாசித்துக் காட்டினார். 51 கிலோவில் நான்கு பட்டம், சரி. 54-இல் இரண்டு, சரி. நடுவில் ஒரு வரி: 'இளம் வீராங்கனை ஒருவரின் வருகையை ஒட்டி மேல் எடைக்கு நகர்ந்தார்.'

ஒட்டியாம்!

"வயசு ஏறுச்சு, உடம்பு ஏறுச்சு, நானும் ஏறினேன். அவ்வளவுதான் தம்பி" என்றேன்.

"சரிக்கா. ஆனா இந்த ஏழு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவைகூட மோதலையே, ஏன்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கோச் விசில் அடித்துவிட்டார். நல்ல மனுஷன். திருத்தம் இருந்தால் மார்ச் கடைசிக்குள் சொல்லும்படி கேட்டுக்கொண்டு நிருபர் கிளம்பினார்.

அந்த 'இளம் வீராங்கனை' வேறு யாருமில்லை, கொசு. பதினெட்டு வயதில் எட்டு மாதம் இதே கூடத்தில்தான் பயிற்சி எடுத்தாள். காதுப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பாள், கையை ஓங்கினால் அங்கே ஆள் இருக்காது. அதனால் கோச் வைத்த பெயர். பிறகு வேறு கூடத்துக்குப் போய்விட்டாள். நான் விட்டுவந்த 51-இல் இதுவரை ஐந்து பட்டம் வாங்கியிருக்கிறாள். என்னைவிட ஒன்று அதிகம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நகர்ந்தாராம். நான் என்ன நண்டா?

பிப்ரவரி 6, வியாழன்

கோச்சிடம் சொல்லிவிட்டேன். மார்ச் போட்டிக்கு 51-க்கு இறங்குகிறேன். கொசுவை ரிங்கில் வைத்து அடிக்கிறேன். அந்த வரியை அப்புறம் யார் எழுதுகிறார்கள் பார்க்கலாம்.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "57-க்கு ஏறும்மா. மூணு எடையில ஜெயிச்சவ நம்ம பக்கம் ஒருத்தி கிடையாது. காலத்துக்கும் பேர் நிக்கும்."

"நிக்கும். இன்னும் மேல ஓடிட்டான்னு நிக்கும்."

"முப்பத்துநாலு வயசுல 51-ஆ? உன் எலும்பு மட்டுமே 51 இருக்கும்."

"அப்ப எலும்போட வரேன்."

அரை மணி நேரம் கத்தினார். கடைசியில் இறங்கிவந்தார். பெயர்ப் பட்டியலை அவரே மூடிய உறையில் சங்கத்தில் கொடுப்பார். எடை போடும் நாள்வரை யார் எந்தப் பிரிவு என்று வெளியே தெரியாது. "கொசு காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. தெரிஞ்சா உஷாராயிடுவா" என்றார். நான் மூச்சு விடுவேனா?

பிப்ரவரி 9, ஞாயிறு

இவரிடம் மட்டும் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர், தையல்காரர். என் இடுப்பளவை என்னைவிட முன்னால் கண்டுபிடிப்பவர்.

சொன்னதும் எழுந்து போய் அளவு நோட்டைப் புரட்டினார். பொண்டாட்டிக்கு என்று தனிப் பக்கம் வைத்திருக்கிறார், எடைவாரியாக. "ஐம்பத்தொண்ணு... ஆங், கல்யாணமான புதுசு. அப்ப உனக்குக் கோபம் ஜாஸ்தி" என்றார்.

"இப்ப?"

நோட்டை மூடிவைத்தார். விவரமான ஆள்.

பிப்ரவரி 17, திங்கள்

54.0. வெள்ளரிக்காய், முட்டை வெள்ளைக்கரு, மறுபடி வெள்ளரிக்காய்.

இன்று இவரோடு பெரிய சண்டை. காரணம், பிஸ்கட்டை மென்ற சத்தம். மனுஷன் வாயை மூடிக்கொண்டுதான் மென்றார், எனக்கு அடுத்த அறைவரை கேட்டது. "என்னைக் கொல்லணும்னே திங்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஆளைக் காணோம். குளியலறையில் குழாய் ஓடுகிறது. கதவைத் தட்டினேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு உள்ளே நின்று மீதி பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பாவம், என்னைக் கட்டிக்கொண்டு என்ன பாடுபடுகிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

52.9. பள்ளியில் பிள்ளைகளை மைதானம் சுற்ற ஓடவிட்டு, நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பி.டி. டீச்சர் உட்காரலாமா? ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, "மிஸ், வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று ரகசியமாகக் கேட்டாள். கணக்கு டீச்சர் தன் டப்பாவில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிய வலி இருக்கிறதே, ரிங்கில் வாங்கிய அடியெல்லாம் ஒன்றுமே இல்லை.

பசியில் கண்டதெல்லாம் ஞாபகம் வருகிறது. கொசு அந்த எட்டு மாதம் எங்கள் கூடத்தில் இருந்தது, அந்தப் புதன்கிழமை —

வேண்டாம். தூங்கப் போகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

51.2. நாளைக் காலை எடை. இருநூறு கிராம் நகர மறுக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கயிறு தாண்டினேன். வியர்வை வராமல் கோபம்தான் வந்தது. கடைசியில் இவர் துணி வெட்டும் கத்திரியை எடுத்து வந்தார். பின்னலைப் பிடித்து ஒரே வெட்டு. தராசில் போட்டுப் பார்த்தோம், எழுபது கிராம்.

"காது ரெண்டும் தேவையா?" என்று கேட்டார். முறைத்தேன். "சரி, இருக்கட்டும்" என்று கத்திரியைக் கீழே வைத்தார்.

மார்ச் 8, சனி

எரிச்சலில் பேனாவை இரண்டு முறை வீசிவிட்டேன். பசியால் இல்லை.

காலை எட்டு மணிக்கு எடை. 50.9! கோச் என்னைத் தூக்கிச் சுற்றினார். இப்போது யார் வேண்டுமானாலும் தூக்கலாம். இறங்கியதும் 51 வரிசையில் கொசுவைத் தேடினேன். முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று ஒரு கணம் கவலைகூடப் பட்டேன்.

அறையின் அந்தக் கோடியில் 54 கிலோ வரிசை. அங்கே கன்னமெல்லாம் உப்பிப்போய் ஒருத்தி என்னையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க?"

"நீ ஏண்டி அங்க நிக்கிற?"

"உங்களை அடிக்கத்தான்!"

"அடிப்பாவி, நான் உன்னை அடிக்கத்தானே இங்க வந்தேன்!"

இரண்டு மாதம், வேளைக்கு ஆறு முட்டை தின்று ஏறியிருக்கிறாள். அவளிடமும் அந்த நிருபர் தம்பி போய் ஒரு வரி வாசித்துக் காட்டியிருக்கிறார்: 'மூத்த வீராங்கனை விலகியதால் ஏற்பட்ட வெற்றிடத்தில் ஐந்து பட்டங்களை வென்றார்.' அந்த வெற்றிடம் அவளைத் தூங்கவிடவில்லையாம். அவளுடைய கோச்சும் யாருக்கும் தெரியக் கூடாது என்று மூடிய உறையில்தான் கொடுத்திருக்கிறார்.

கோச் இரண்டு பேரும் சங்கச் செயலாளர் மேசைக்கு ஓடினார்கள். பட்டியல் முடிந்துவிட்டது, மாற்ற முடியாது என்றுவிட்டார். நான்கு வாரம் வெள்ளரிக்காய் தின்றேனே... யாருக்காகத் தின்றேன்? சொல்லுங்கப்பா, யாருக்காக?

மார்ச் 9, ஞாயிறு

51-இல் பட்டம் வாங்கினேன். இறுதியில் பத்தொன்பது வயதுப் பெண். மூன்று ரவுண்டும் என்னை ஆட்டோகிராப் கேட்கிற மாதிரியே பார்த்தாள். கொசு 54-இல் ஜெயித்தாள்.

மேடையிலிருந்து இறங்கும்போது பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "பாத்தியா, அவ மேல வரான்னு தெரிஞ்சதும் இவ கீழ ஓடிட்டா."

ஏறினாலும் ஓட்டம். இறங்கினாலும் ஓட்டம். நான் எங்கதான்யா நிக்கிறது?

மார்ச் 12, புதன்

கொசு போன் செய்தாள். "அக்கா, எடையே போட வேண்டாம். நாம ரெண்டு பேரும் ஒரு நாள் பாத்துக்கலாமா?"

"ரெக்கார்டுல வராதே."

"வந்த ரெக்கார்டெல்லாம் பாத்தாச்சேக்கா."

ஞாயிறு காலை, எங்கள் கூடம்.

மார்ச் 16, ஞாயிறு

இருவரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். கோச் நடுவர். இவர் கையில் ஸ்டாப்வாட்ச். வேறு ஈ காக்கை இல்லை.

முதல் ரவுண்டு என்னுடையது. சந்தேகமே இல்லை. இரண்டாவதில் வலது பக்கம் சாய்ந்தேன். அவளுடைய இடது கை விலாவுக்குக் கீழே வந்து இறங்கியது. மூச்சு போச்சு. ஒரு முட்டி தரையில். கோச் எண்ண ஆரம்பித்தார். ஆறில் எழுந்தேன். மூன்றாவதில் அவள் மூக்கில் ரத்தம் வரவழைத்தேன். ஆனாலும் அவள்தான் ஜெயித்தாள். கோச் அவள் கையை உயர்த்தியபோது இவர், "கடிகாரம் நின்னு போச்சுன்னு நினைக்கிறேன், மறுபடி வைக்கலாமா?" என்றார். அவர் விசுவாசம் அவருக்கு.

அப்புறம் நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, அன்னைக்கும் இதே அடிதானே?"

எழுதிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமைப் பயிற்சி. கோச் போன் பேச வெளியே போயிருந்தார். ரிங்கில் நானும் அவளும் மட்டும். நான் நான்கு முறை சாம்பியன், அவள் வந்து எட்டு மாதம். இதே இடது கை, இதே இடம். முட்டி போட்டேன். கோச்சின் செருப்புச் சத்தம் கேட்டதும், "ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு, கட்டிக்கிறேன்" என்று குனிந்துகொண்டேன். அடுத்த வாரமே கோச்சிடம் போய், இனிமேல் 51 எனக்கு முடியாது, உடம்பு கேட்கவில்லை என்றேன். உடம்பு நன்றாகத்தான் கேட்டது. பயந்தது நான்.

"அதே அடிதான்" என்றேன். "நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க கோவத்துல திரும்ப வந்து அடிச்சா என்ன பண்றதுன்னு பயம்தான். மேல போயிட்டீங்கன்னு கேட்டதும் அப்பாடான்னு இருந்துச்சு." மூக்குப் பஞ்சைச் சரியாக அழுத்திக்கொண்டு, "ஒண்ணு மட்டும் கேக்கணும்க்கா. கையில ரெண்டு கிளவுஸையும் மாட்டிக்கிட்டு லேஸ் எப்படிக் கட்டுவீங்க?" என்றாள்.

விலா வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவள் மூக்கிலிருந்து பஞ்சு பறந்து போய் விழுந்தது. கோச் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

நிருபர் தம்பிக்கு நானே போன் செய்தேன். என் பக்கத்தில் ஒரு திருத்தம் என்றேன்.

"அந்த வரியை எடுத்துடவாக்கா?"

"வேண்டாம். 'வருகையை ஒட்டி'ங்கறதை மட்டும் மாத்துங்க. 'பயந்து'ன்னு போடுங்க."

 

"அக்கா, உங்க பேருக்கு இது... நல்லா யோசிச்சீங்களா?"

"ஏழு வருஷமா அதைத்தான் யோசிச்சேன். அப்புறம் அவ பக்கத்துல வெற்றிடம்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கீங்களாமே?"

"ஆமாக்கா. நீங்க விட்டுப்போனதால..."

"நான் எங்க விட்டுட்டுப் போனேன்? அவதான் என்னை அடிச்சுக் கிளப்பிவிட்டா. அப்படியே எழுதிக்கோங்க."

இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் உள்ளே போய் இரண்டு தட்டு போட்டார். சாப்பிட உட்கார்ந்தோம்.