மொட்டக்காதி விமானம் ஏறுகிறாள்

அம்மா, உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோதே உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னிடம் நீட்டி, "யாரு வீட்டுதுன்னு சத்தமாப் படி" என்பாய். நான் முணுமுணுப்பேன். "வாயத் தொறந்தா முத்து உதிந்துருமாடி?" என்று திட்டுவாய். அதனால் இதை எழுதி முடித்ததும் சத்தமாகவே படிக்கப் போகிறேன். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட வெளியே போயிருக்கிறார்.

காலையில் உன் பழைய பச்சைச் சேலையைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைக்குள் சுற்றி வைத்திருந்த கத்தரி விழுந்தது. மீனின் துடுப்பு நறுக்கும் உன் கத்தரி. அதிலும் சேலையிலும் அந்த வாடை இன்னும் போகவில்லை. சின்ன வயதில் அந்த வாடைக்காகவே பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்திலும் உட்காராமல் இருந்திருக்கிறேன். இன்று ஆசை தீர மோந்து பார்த்தேன்.

சேலை எனக்கில்லை, மொட்டக்காதிக்கு. நாளை மறுநாள் அவள் சென்னையிலிருந்து நெதர்லாந்துக்குப் போகிறாள். ஆமாம்மா, விமானத்தில். எல்லன் என்று ஓர் அம்மா அங்கே அவளைத் தத்தெடுத்திருக்கிறார். கூண்டுக்குள் பழகின வாடையுள்ள துணி போடச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு மட்டும் நாலு தடவை அந்தக் கூண்டின் கதவைத் திறந்து திறந்து பூட்டிப் பார்த்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். போன ஆடியில், ஜெகதாப்பட்டினம் மார்க்கெட்டில் நீ மீன் வெட்டிக்கொண்டிருந்தாய். டீக்கடை பிளாஸ்டிக் பிஸ்கட் டப்பாவுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட ஒரு நாய்க்குட்டி, ஐஸ் பெட்டிகளில் எல்லாம் முட்டிக்கொண்டு ஓடி வந்தது. "ஹெல்மெட் போட்டு வருது பாருங்கப்பா." "லைசென்ஸ் இருக்கான்னு கேளு." எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சாக்கைப் போட்டு அமுக்கி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இந்தக் கத்தரியால் டப்பாவை நறுக்கினாய். டப்பாவோடு இடது காது நுனியும் வந்துவிட்டது.

"அடிப் பாவி, காத நறுக்கிப்புட்டேனே" என்று நீ மஞ்சளை அப்பிக்கொண்டே அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன். அன்றிலிருந்து அவள் மொட்டக்காதி. உன் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பாள். தினமும் நல்ல மீன் தலையாக ஒதுக்கி வைப்பாய். கேட்டால், "அது நம்ம நாயி இல்லடி, ரோட்டு நாயி. கழிவுதானே, தின்னுட்டுப் போகட்டும்" என்பாய்.

கார்த்திகையில் நீ போன பிறகும் அவள் காலையில் உன் வெட்டுப்பலகைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அங்கேதான் ஒரு மீன் லாரி பின்னால் வரும்போது அவள் காலில் ஏறியது. அடிபட்ட விலங்குகளுக்கு உதவி என்று மார்க்கெட் சுவரில் எழுதியிருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன், அம்மா. முன்பின் தெரியாதவரிடம் நான் பேசிய முதல் போன். புதுக்கோட்டையில் விலங்குகளைக் காப்பாற்றும் குழுவிலிருந்து பிரபு அண்ணன் வந்து அவளைத் தூக்கிப் போனார். கால் கூடியது, கொஞ்சம் நொண்டல். அவர் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துத்தான் எல்லன் கேட்டார்.

மீமிசலில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு பிரபு அண்ணன் தத்தெடுப்பு விண்ணப்பத்தோடு வந்தார். கருத்தடை ஆபரேஷன் ஆன நாயாக இருந்தால்தான் இங்கே தத்துக் கொடுப்பார்கள், அங்கே எடுப்பார்கள். ஆபரேஷன் செய்த தெருநாய்க்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டிவிடுவது வழக்கம். "காது வெட்டியிருக்கு. ஆயிருச்சு. ஆம்னு போடுங்க" என்றார். எனக்குத் தெரியும், அது நீ வெட்டியது. ஆனால் வாய் வரவில்லை. 'ஆம்' என்று தட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் மறுபடி அந்த லாரிகளுக்கு நடுவில்தான் போவாள் என்று பயம். இன்னொன்றும் உண்டு. என் அம்மா நாய்க் காதை வெட்டினாள் என்று ஒரு வெளிநாட்டுக்காரி நினைத்துவிடக் கூடாதே.

மாசியில் எல்லன் வீடியோவில் வந்தார். நான் ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "இவளுக்கு ஆபரேஷன் செய்து பார்த்துக்கொண்டவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். யார் அவர்கள்?" என்று கேட்டார். பிரபு அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் இங்கிலீஷில் சொன்னேன். ஆபரேஷன் நடக்கவில்லை. காதை வெட்டியது என் அம்மா. நாயின் உயிரைக் காப்பாற்றும்போது தவறிப்போய் வெட்டினாள். அம்மா இப்போது இல்லை. இலக்கணம் எல்லாம் உடைந்திருக்கும். ஆனால் சத்தமாகச் சொன்னேன்.

எல்லன் நாற்காலியைக் கேமராவுக்குக் கிட்டே இழுத்துப் போட்டார். பிறகு அவர் மெதுவாக, "அம்மாவைப் பற்றிச் சொல்" என்றார். டப்பா, ஹெல்மெட், மஞ்சள் எல்லாம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபரேஷன் இப்போது செய்யுங்கள். நான் காத்திருக்கிறேன். பேரை மட்டும் மாற்றாதீர்கள்" என்றார்.

வெளியே வந்ததும் பிரபு அண்ணன், "ஏங்க, பேசவே மாட்டீங்க, பேசினா தலையில குண்டத் தூக்கிப் போடுறீங்களே" என்றார். சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஆபரேஷன், ஊசி, ரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு. எல்லாம் முடிந்து இன்று அவள் பெயர் போட்ட பயண அனுமதித் தாள் என் கையில் இருக்கிறது. எல்லன் தினமும் 'மொட்டக்காதி' என்று சொல்லிப் பழகி, அந்தக் குரலைப் போனில் பதிவு செய்து அனுப்புகிறார். நாளை விடிந்ததும் வேன். அப்பாவும் வருகிறார். ஏரோப்ளேனைக் கிட்டத்தில் பார்க்கணுமாம்.

கத்தரி என்னிடமே இருக்கும், அம்மா. சேலை அவளோடு போகட்டும்.

இன்னொன்று. இவ்வளவு நேரம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். நீ போனதிலிருந்து தினமும் படுக்கும்போது, என் பக்கத்திலேயே இரு என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் மட்டும் வேண்டாம். பெட்டிகள் ஏற்றும் இருட்டில் அவள் தனியாக இருப்பாள். நீயும் விமானம் ஏறியதில்லை, அவளும் ஏறியதில்லை. அந்தச் சேலையோடு நீயும் போய், எல்லன் கதவைத் திறக்கும்வரை அவள் கூடவே இரு. இங்கே யாராவது ஏதாவது கேட்டால், நான் பேசிக்கொள்கிறேன்.