நாரையா, மண்டையோடா

பிப்ரவரி 6, 1955, ஞாயிறு

மூன்று நாளாக மழை. நாலு மணிக்கு மேற்குக் கதவு வழியாகப் பெரிய வீட்டுக்குப் போய் வினிஃப்ரெட் அம்மையாருடன் டீ. இருபது வருடமாக ஞாயிறுதோறும் இதுதான். வாரத்தில் நான் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசுவது இந்த ஒரு மணி நேரம். அவருடைய தம்பி ரூபர்ட், ஒன்பதாம் கெல்தார்ன் பிரபு, இறந்து இன்றோடு மூன்று வாரம். சிறுவயதில் அவருக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏறவில்லை. அவர் நாற்காலியில் இன்று பூனை படுத்திருந்தது.

யார்க் நகரிலிருந்து ஓவியரின் கடிதம் வந்திருக்கிறது. பிரபு இறந்தால் குடும்பச் சின்னம் வரைந்த சாய்சதுரப் பலகையொன்றைத் தேவாலயச் சுவரில் மாட்டுவது வழக்கம். உச்சியில் விலாங்கைக் கவ்விய நாரை. இறந்தவர் வம்சத்தின் கடைசி ஆண் என்றால் மட்டும் நாரைக்குப் பதில் மண்டையோடு. எதை வரைவது என்று கேட்கிறார்.

"இதுல கேக்க என்ன இருக்கு, வாத்தியாரே? மண்டையோடுதான். ஆனா நீங்க கைப்பட எழுதிக் கொடுத்தாத்தான் வரைவானாம். குடும்ப வரலாறு எழுதினவர் நீங்கதானே" என்றார் அம்மையார்.

எழுதித் தருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 8

எழுதவில்லை.

ஒரு வரிதானே? ஆனாலும் வம்சாவளியை விரித்து, 1782-இல் பட்டம் வாங்கிய முதல் பிரபுவிலிருந்து ஒவ்வொரு பெயரையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் எந்தத் தேவாலயப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு பெயருக்குக் கீழே மட்டும் பக்க எண் இல்லை. டொபையஸ் ஆஸ்கெல். ஆறாம் பிரபுவின் இளைய மகன், ரூபர்ட்டின் தாத்தாவுக்குத் தம்பி. 'முறையான வாரிசின்றி இறந்தார்.' என் கையெழுத்து, 1921.

அந்த வருடம் சேணக் கொட்டடிப் பெட்டியில் டொபையஸின் கடிதம் ஒன்று கிடைத்தது. கடற்கரை ஊரான விட்பியிலிருந்து, 1861. 'பையனுக்குப் பல் முளைத்துவிட்டது.' விட்பிக்குப் போய்த் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினேன். திருமணம் இல்லை. வினிஃப்ரெட் அம்மையாரின் தாயார் அப்போது உயிரோடு இருந்தார். "அவ மீன்காரி. கல்யாணமாவது ஒண்ணாவது!" என்றார். எழுதிவிட்டேன். அதைப் பார்த்துத்தான் பிரபுக்கள் பட்டியல் அச்சிடுகிறவர்களும் எழுதினார்கள்.

மீன்காரர்கள் மெதடிஸ்டுகள், வேறு சபை. அவர்களுடைய ஜெபக்கூடம் அதே தெருக் கோடியில் இருந்தது. அதைக் கடந்துதான் ரயிலடிக்கு நடந்தேன். உள்ளே போகத் தோன்றவில்லை. இந்த வீட்டில் யாரும் ஜெபக்கூடத்தைக் கோவிலாக மதித்ததில்லை.

தோன்றவில்லையா, வேண்டாம் என்று விட்டேனா? தெரியவில்லை.

பிப்ரவரி 9

மழை. எழுதவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

டீயின்போது, டொபையஸ் விஷயத்தை இன்னொரு முறை சரிபார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்த மீன்காரி கதையை எதுக்குக் கிளறறீங்க? அம்மாதான் உங்ககிட்ட சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன? ரூபர்ட் வாழ்க்கையில உருப்படியா ஒண்ணும் செஞ்சதில்ல, வாத்தியாரே. கடைசி ஆளுங்கற பேராவது அவனுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அவர் கண் கலங்கி இதற்குமுன் நான் பார்த்ததில்லை. இரண்டாவது ஸ்கோன் ரொட்டியையும் எடுத்துத் தின்றேன். கொண்டுபோன குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

விட்பி. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பினேன்.

ஜெபக்கூடத்தில் பதிவேட்டை எடுத்துக் கொடுத்த கிழவர் பெஞ்சு துடைப்பதைக்கூட நிறுத்தவில்லை. 1860, பக்கம் 41. டொபையஸ் ஆஸ்கெல் – ஹெப்சிபா ஸ்டோர். சர்க்கார் பதிவாளரின் கையெழுத்தும் இருக்கிறது. முறையான திருமணம். பதினைந்து நிமிடம் ஆயிற்று. முப்பத்துநாலு வருடத்தில் எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் இல்லை.

"ஆஸ்கெல் குடும்பமா? கிளெம் இருக்காரே! மூக்கைப் பொத்திக்கிட்டுப் புகைக்கூடத்துக்குப் போங்க" என்றார் கிழவர்.

டொபையஸின் பேரன். ஐம்பத்தெட்டு வயது. ஹெர்ரிங் மீன்களைக் கம்பில் கோத்துப் புகைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நெற்றி நடுவில் முடி கூராக இறங்கியிருந்தது. நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"பிரபுவா? நானா? எம் பொண்டாட்டி கேட்டா சிரிச்சே கட்டில்லேர்ந்து உருண்டுடுவா. கருவாட்டுப் பிரபு!"

நானும் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் சிரிப்பு நின்றது.

"எங்கப்பாவை ஊர்ல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு தெரியுமா சார்? வயசான காலத்துலதான் கொஞ்சம் மறந்தாங்க. அப்புறம் பாத்தா அச்சுலயே வந்துருக்கு. படிச்சிட்டு ரெண்டு நாள் சாப்பிடல. யாரு சார் அதை எழுதினது?"

நான்தான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

ஒரு மீனைத் திருப்பிப் போட்டார்; இன்னொன்றையும். "அதை அடிச்சிடுங்க. பட்டம் கிட்டம் ஒண்ணும் எனக்கு வேணாம். அந்த ஒரு வரியை அடிச்சிடுங்க."

கையிலிருந்த சின்னத்தின் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "நாரை விலாங்கை வால் பக்கமாவா பிடிக்கும்? தலையைக் கவ்வலேன்னா கழுத்தைச் சுத்திக்குமே. இதை வரைஞ்சவன் ஆத்தங்கரைப் பக்கமே போனதில்ல போல."

கிளம்பும்போது புகைபோட்ட மீன் இரண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஏன் கொடுத்தார்?

பிப்ரவரி 20, ஞாயிறு

வினிஃப்ரெட் அம்மையாரிடம் சொல்லிவிட்டேன். பக்கம் 41-இன் நகலை மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தனை வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க?"

"இருபது வருஷம்."

"உங்க குடை கூடத்துல இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க, வாத்தியாரே."

பிப்ரவரி 21

ஓவியருக்கு எழுதினேன், மூன்று வரைவுகளைக் கிழித்த பிறகு. வம்சம் முடியவில்லை. கிளெம் உரிமை கோராதவரை பட்டம் யாருக்கும் இல்லை, ஆனால் சாகவும் இல்லை, தூங்குகிறது. ஆகவே மண்டையோடு வேண்டாம், நாரை. அதன்கீழ் இன்னொரு வரி சேர்த்தேன்: விலாங்கைத் தலைப்பக்கமாகக் கவ்வியிருக்கட்டும். நூற்றெழுபது வருடச் சின்னத்தைத் திருத்த நான் யார்? உறையை ஒட்டி, மனம் மாறுவதற்குள் தபால் பெட்டியில் போட்டேன்.

வம்சாவளியில் அந்த வரியை அடித்தேன். காகிதம் கிழிந்துவிட்டது.

பிப்ரவரி 27, ஞாயிறு

நாலு மணிக்குச் சட்டைக் காலர் மாட்டிக்கொண்டு போனேன். மேற்குக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அதைத் தாழிட்டு நான் பார்த்ததில்லை. தட்டவில்லை.

மார்ச் 6, ஞாயிறு

தாழ்.

மார்ச் 13, ஞாயிறு

போகவில்லை. ஜன்னலிலிருந்தே கதவு தெரிகிறது. இந்த வாரம் நான் பேசியது மொத்தம்: பால்காரரிடம் "ஒன்று போதும்." தபால்காரரிடம் "இல்லை, நன்றி." தேவாலயத்தில் ஜெபம், அதுவும் கூட்டத்தோடு. தவறே செய்யாமல் 1921-இல் அந்தப் பதினைந்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் இந்த இருபது வருட டீ கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, ஞாயிறு

பலகையை மாட்டிவிட்டார்கள். பிரார்த்தனை முடிந்து எல்லோரும் போன பிறகும் வினிஃப்ரெட் அம்மையார் அதன் கீழே நின்றுகொண்டிருந்தார். நான் தூண் பக்கமாக நழுவப் பார்த்தேன்.

"விலாங்கு திரும்பியிருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"நான்தான் சொன்னேன். நாரை அப்படித்தான் பிடிக்குமாம்."

"யார் சொன்னது?"

"விட்பியில."

கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினார். "டொபையஸ் தாத்தா படம் ஒண்ணு மாடியில இருக்கு. எங்க பாட்டி சுவத்துப் பக்கமா திருப்பி மாட்டினது. நாங்க யாரும் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 27, ஞாயிறு

தாழ்ப்பாள் திறந்திருந்தது.

டீக்கு முன்பே மாடிக்குப் போனோம். சட்டம் கனம், இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினோம். ஒட்டடையை அவர் தன் கைக்குட்டையால் துடைத்தார். இருபத்தைந்து வயதுப் பையன், நீலக் கோட்டு, நெற்றி நடுவில் கூராக இறங்கிய முடி.

"விட்பிக்காரருக்கும் இதே முகமா?" என்று கேட்டார்.

"முடி மட்டும்" என்றேன்.

கீழே வந்தபோது பூனையை ரூபர்ட்டின் நாற்காலியிலிருந்து அவரே இறக்கிவிட்டார். அதில் யாரும் உட்காரவில்லை.