பெயர் ஒட்டாத குப்பிகள்

வியாழக்கிழமை, காலை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அத்தானுக்கும் ஒன்றுமில்லை. உறையைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடப் போகிறாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நேற்றுதானே போனில் அரை மணி நேரம் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ, சும்மா இரு அக்கா, எல்லாம் நீ பார்த்துப்பே என்பாய். நானும் ஆமாம் என்று மண்டையை ஆட்டிவிடுவேன். நாலு மாதமாக அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா? முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

எனக்கு மூக்கு போய்விட்டது. முகத்தில்தான் இருக்கிறது, பயப்படாதே. வாசனைதான் தெரியவில்லை. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். உன் பிரசவத்துக்கு வர டிக்கெட் எடுத்து வைத்த வாரம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அது போகும்போது இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு வாரத்தில் வரும், ஒரு மாதத்தில் வரும் என்று பார்த்தேன். இன்றைக்கு உன் மகனுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. எனக்கு வாசனை போயும் ஒன்பது மாதம்.

யாருக்கும் சொல்லவில்லை. உன் அத்தானுக்கே தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லாரும் மூக்கி, மூக்கி என்று கூப்பிடுகிற பேரை எனக்கு வைத்தவளே நீதான். அடுத்த தெருவில் மழை பெய்தால் சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்தவள், வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து கொடுத்து நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கியவள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கூச்சமாக இருந்தது. அப்புறம், சொல்லாமலே இருக்க ஒரு பெரிய காரணமும் வந்தது. அதற்கு வருகிறேன்.

மெழுகு வேலை கையும் கண்ணும் பழகிய வேலை என்பதால் சமாளித்தேன். பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் சின்னப் பாத்திரம், அதில் மெழுகு. உருகியதும் சூடு பார்க்கிற கண்ணாடிக் குச்சியைப் போட்டு, சூடு சரியான அளவுக்கு இறங்கியதும் வாசனைத் தைலத்தை எடை பார்த்து ஊற்றிக் கலக்கி, திரி நிறுத்திய கண்ணாடிக் கிண்ணங்களில் வார்க்க வேண்டும். இதில் மூக்குக்கு எங்கே வேலை? ஆனால் தைலக் குப்பிகள் இருக்கின்றனவே, அவற்றில்தான் வினை. எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்புக் குப்பி. ஒன்றிலும் பெயர் ஒட்டினதில்லை நான். மூடியைத் திறந்தால் தெரிகிறது, இதற்கு எதற்கடி சீட்டு என்று உன்னிடமே எத்தனை தடவை திமிராகச் சொல்லியிருக்கிறேன்! மூக்கு போன பிறகு அலமாரியில் அவை இருக்கிற வரிசையை வைத்துதான் எடுத்தேன். இடது ஓரம் ஆரஞ்சு, அடுத்தது லாவெண்டர், அதற்கடுத்தது ரோஜா, வலது ஓரம் கிராம்பு. அப்போதாவது ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் உன் அத்தான் ஏன் என்று கேட்பாரே!

சாயங்காலம்தான் பெரிய கண்டம். வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்வார். புதிதாக வார்த்ததில் ஒன்றை நான் ஏற்ற வேண்டும். அவர் என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு இது ஒரு விளையாட்டு. விளக்கை அணைத்துவிட்டு, கிண்ணம் முழுக்க மெழுகு இளகிப் பளபளக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அவர் எதைச் சொன்னாலும், அட, கரெக்டா சொல்லிட்டீங்களே என்கிறேன். மனுஷனுக்கு ஒரே பெருமை. ஒரு நாள் குறும்புக்கு ஷூ பாலிஷ் என்று சொல்லியிருக்கிறார், அதற்கும் கரெக்ட் என்றுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

நாலு மாதத்துக்கு முன்புதான் நீ கேட்டாய். ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் குழந்தைக்கு இடமில்லை, உன் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஏறினால் இறங்க எந்நேரம் ஆகுமோ, அக்கா, நீ வைத்துக்கொள்கிறாயா என்றாய். நீ கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றேன். பதினோரு வருஷம், தங்கச்சி. பதினோரு வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த நேரத்தில் என் மூக்காவது, காதாவது, எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என் தப்பு.

உன் அத்தான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கையால் மரத் தொட்டில் செய்து, நகம் பட்டாலும் உறுத்தாத மாதிரி தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்தார். சமையலறைக்கு அடுத்த அறைதான் வெளிச்சமான அறை, தொட்டிலை அங்கேதான் போட்டார். அங்கே இருந்த என் அலமாரியைக் குழந்தை கைக்கு எட்டாமல் உயரத்தில் மாட்டினார். மாட்டியவர் சும்மா இருந்தாரா? குப்பிகளை எல்லாம் துடைத்து, உயரம் பார்த்து அழகாக அடுக்கியும் வைத்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எதிர்த் தெரு பல் டாக்டரம்மா ஒரு டஜன் கேட்டிருந்தார். காத்திருக்கிற கூடத்தில் ஏற்றி வைக்க வேண்டும், வந்தவர்கள் எங்கே வந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட வேண்டும், அப்படி ஒரு வாசனை கொடுங்கள் என்றார். ஆரஞ்சு என்று நினைத்து இடது ஓரக் குப்பியை எடுத்து ஊற்றினேன். போன வெள்ளிக்கிழமை அவர் போன் செய்து, என்ன அம்மா, வேண்டுமென்றே பண்ணினீர்களா என்று கேட்டார். நான் ஊற்றியது கிராம்பாம். சும்மாவே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பல் வலி மருந்து வாசனையைக் கூடம் முழுக்கப் பரப்பியிருக்கிறேன். ஒரு சின்னப் பெண் வீறிட்டு அழுததாம். ஒரு பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லையாம். பெட்டி மாறிப்போச்சு டாக்டர் என்று வாய் கூசாமல் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

காலை பதினொரு மணி இருக்கும். மெழுகை உருக வைத்துவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்து திரி வெட்டிக்கொண்டிருந்தேன். சட்டித் தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மழைச்சாரல் என்று ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் நிம்மதியாகத் திரி வெட்டி முடித்து, ஆறிய மெழுகுவர்த்தி ஒன்றை எரித்துப் பார்க்கலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி நமுத்துப் போயிருந்தது, மருந்து உதிர்ந்துவிட்டது. இரண்டாவது குச்சியை எடுத்தேன்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி ஓடி வந்து என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். தீப்பெட்டி எங்கேயோ போய் விழுந்தது. பாவி, பாவி, படிக்கட்டு வரைக்கும் நாறுதே, உனக்கு மூக்கு இருக்கா இல்லையா என்று கத்திக்கொண்டே அடுப்பை மூடி, ஜன்னல்களைத் திறந்து, என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஜலதோஷம், மூக்கு அடைப்பு என்றேன்.

அவர் போன பிறகு உள்ளே வந்தேன். தொட்டில் இருந்தது. நீ அனுப்பிய நீலத் துணியை அத்தான் அதில் விரித்து வைத்திருந்தார். அந்த அறையில்தான் நான் தீக்குச்சியை உரசப் போனேன். உன் பிள்ளை பதினொரு மணிக்குத் தூங்குவான் என்று நீதானே எழுதியிருந்தாய்.

மறுநாளே மூக்கு டாக்டரிடம் தனியாகப் போனேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். அவ்வளவுதான்.

நேற்று நீ, வீடெல்லாம் ரெடியாக்கா என்று கேட்டாய். ரெடி என்றேன்.

சனிக்கிழமை

மேலே உள்ளதை எழுதிவிட்டு அனுப்பக் கை வரவில்லை. முதலில் வீட்டு மனுஷனிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்வது முறை இல்லை என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். நேற்று சாயங்காலம் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்ததும், நான் எதையும் ஏற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபப்பட்டார். எதற்கு என்று நினைக்கிறாய்? கேஸுக்கு இல்லை. ஒன்பது மாதமாக என்னைக் கூமுட்டையாக்கிவிட்டாயே, தினமும் கரெக்ட் கரெக்ட் என்றாயே, நானும் நம்பினேனே என்றார். முகம் செத்துப்போச்சு. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து போய்த் தொட்டில் பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து படம் போட ஆரம்பித்தார். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு. சமையலறையில் புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று, கூடத்தில் ஒன்று. மெழுகு வேலைக்கு ஆறு மாதம் முழுக்கு. பால் கெட்டதா என்று பார்க்கக் காலையிலும் மதியத்திலும் தையல்காரம்மா வந்து போவது. லிஃப்டில் ஒரு கயிறு அறுந்தால் தாங்க இன்னும் நாலு கயிறு இருக்கும், அந்த மாதிரி என்றார். கேட்கக் கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது. கடைசியில், தங்கச்சிக்கு மட்டும் எழுதாதே, பயந்துடுவா, அனுப்ப மாட்டா என்றார். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

இப்போது அந்தக் கருவி வாங்கத்தான் கடைக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் இதைத் தபாலில் சேர்த்தாக வேண்டும். வந்து என் முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். பார்த்துக்கொள்கிறேன். வாரம் முழுக்கப் பேசாமல் இருப்பார், இருக்கட்டும்.

அவர் சொன்ன ஏற்பாடெல்லாம் போதுமா, போதாதா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. எனக்கு அவன் வேண்டும், அதனால் என் கணக்கை நீ நம்பாதே. உன் அத்தான் கணக்கையும் நம்பாதே. நீ பெற்றவள், நீதான் சொல்ல வேண்டும். இருபதாம் தேதி உன் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். அனுப்புவதானால் எல்லாம் தெரிந்து அனுப்பு. அனுப்பவில்லை என்றால் ஒரு வரி எழுது, போதும். எங்களுக்குச் சமாதானம் சொல்லாதே. உன் பயிற்சி என்ன ஆகுமோ என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கடைசி நேரத்தில் உன்னை இப்படி அந்தரத்தில் விட்டேனே, அதற்கு என்னை மன்னித்துவிடு. முதல் நாளே சொல்லியிருந்தால் நீ வேறு வழி பார்த்திருப்பாய்.

அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் தூங்கி எழுந்ததும் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்ந்து பார். என்ன வாசனை என்று எனக்கு எழுது. நல்லா இருக்கு அக்கா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. எண்ணெயா, பாலா, வியர்வையா, வெயிலில் காய்ந்த துணி மாதிரியா, உனக்குத் தெரிந்த மட்டும் எழுது. அவன் என் மடியிலேயே கிடந்தாலும் எனக்கு அது தெரியப் போவதில்லை, தங்கச்சி. நீ எழுதினால்தான் உண்டு.

பிள்ளை நூறு வயசு நல்லபடியாக இருக்கட்டும்.

உன் அக்கா